தம்பி மனைவிக்கு ஒரு வரி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
17-3-1968

என் கண்ணான தம்பி வேணுவுக்கு,

அக்கா தில்லையம்மாளின் ஆசிகள். உன் கடிதம் நேற்று வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கக்கூடத் தோன்றாமல் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமாதான் தறியிலிருந்து எழுந்து வந்து பிரித்துப் படித்தார். “உசுரோட இருக்கறான், எழுந்திரு” என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

பொங்கல் முடிந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சைகோனில் தெருத்தெருவாகச் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். எந்தத் தெரு என்று சொல்லவில்லை. உன் துணிக்கடை இருக்கும் தெருவின் பெயர் வந்துவிடப் போகிறதே என்று செய்தி நேரத்தில் காதைப் பொத்திக்கொள்வேன். சத்தம் நின்றதும், என்ன சொன்னார்கள் என்று மாமாவைக் கேட்பேன்.

ஒரு மத்தியானம் கண் அசந்தபோது கனவு. நம் வேகவதி ஆற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர் போகிறது. நீ படகில் துணிமூட்டைகளோடு வருகிறாய். “அக்கா, எந்தக் கரையில எறங்கறது?” என்று கேட்கிறாய். எனக்கு வாய் திறக்கவில்லை. விழித்துப் பார்த்தால் வாசலில் சாயம் தோய்த்த பட்டு காய்கிறது. தெரு முழுக்கச் சிவப்பு வெளிச்சம். வெகுநேரம் எனக்குக் கனவு கலையவே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். எங்கள் பள்ளி ஆசிரியைகளும் நெசவாளர் சங்கத்துக்காரர்களும் சேர்ந்து வியட்நாம் போரை நிறுத்தக் கோரிக் கையெழுத்து வாங்கினோம். குண்டு போடுவதை நிறுத்த வேண்டும், எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் விண்ணப்பம். காலையில் தெருவில் தறிக்கான நூலை நீட்டிப் பாவு விரித்திருக்கும்போது போனோம். நூலில் வைத்த கையை எடுக்க முடியாமல் “நீயே போட்டுக்கம்மா” என்றார்கள் பலர். எதிர்வீட்டுக் கோதண்டபாணி மட்டும் விடவில்லை.

“டீச்சரம்மா, நாம கையெழுத்துப் போட்டா அவன் பீரங்கிய கீழ வச்சிடுவானா?”

“நாலு பேர் சொன்னா கேக்கமாட்டான். ஊரே சொன்னா?”

“ஊரே சொல்லியும் நம்ம முனிசிபாலிட்டி குழாய்ல தண்ணி விடமாட்டேங்குது” என்றார். ஆனாலும் போட்டார்.

உன் பெயரை நினைத்துக்கொண்டுதான் வீடு வீடாக ஏறினேன் தம்பி. நீ பொன்னியை அழைத்துக்கொண்டு வந்துவிடு. நம் அம்மாவின் பெயரை வைத்திருக்கிற குழந்தையை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. உங்கள் இருவருக்கும் இந்த வீட்டில் இடம் இருக்கிறது.

உன் அக்கா,
தில்லை


சைகோன்
2-5-1968

அன்பு அக்காவுக்கு,

வேணுகோபாலின் வணக்கம். மாமாவுக்கும் சொல்லவும். நாங்கள் எல்லோரும் பிழைத்திருக்கிறோம். நாங்கள் என்றால் நான், பொன்னி, என் மனைவி லான், லானின் அம்மா. உன் கடிதத்தில் இரண்டு பேரைத்தான் விசாரித்திருந்தாய். மறதியாக இருக்கும் என்று லானிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

இந்த ஊர்க்காரர்களின் புது வருடப் பிறப்பு அன்றுதான் சண்டை ஆரம்பித்தது. முதலில் பட்டாசு என்றே நினைத்தோம். வாசலெல்லாம் மஞ்சள் பூக்கிளை வைத்திருந்தார்கள். சிவப்புக் காகிதமும் பூவிதழும் தோட்டாக் கூடும் ஒன்றாகத் தெருவில் கிடந்தன. நாங்கள் மாரியம்மன் கோவிலுக்குள் போய்விட்டோம். நம்மவர்களும் இந்த ஊர்க்காரர்களும் தூண்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தோம். சன்னதிக்குப் பின்னால் கருங்கல் சுவர் ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பெண்கள் அதில் நெற்றியை வைத்து வேண்டுதலைக் கல்லுக்குள் சொல்வார்கள். லானும் சொன்னாள். கல்லிலிருந்து முணுமுணுப்பு வருவதுபோல இருந்தது. வெளியே சுடும் சத்தம், உள்ளே ஊதுவத்திப் புகை. நான் காமாட்சியம்மன் கோவிலில் இருக்கிறேனா இங்கே இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

பேச்சுவார்த்தைக்காக நீ கையெழுத்து வாங்கியது நல்ல காரியம். ஆனால் அக்கா, இங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. லானுக்குத் துவான் என்று ஒரு தம்பி. பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான். லீவில் வந்தால் என் கடையில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து நம் ஊர் தேர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்பான். “யானை நெஜமா மாலை போடுமா அத்தான்?” என்பான். அத்தான் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் கையில் இருப்பது அமெரிக்கத் துப்பாக்கி. நாளைக்கு அமெரிக்காக்காரன் பேசி முடித்துவிட்டேன் என்று கப்பல் ஏறினால், அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா யார் கொடுப்பார்கள்? எதிரே இருப்பவர்களுக்கு ரஷ்யாவும் சீனாவும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கும்?

இதில் இன்னொன்று. லானுக்கு அண்ணன் ஒருவரும் உண்டு. நாடு இரண்டானபோது வடக்கே போனவர். இருக்கிறாரா இல்லையா தெரியாது. இருந்தால் துவானுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பார். என் மாமியார் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுகிறாள்.

லான் உனக்குத் தாமரைப் பூவுக்குள் வைத்து வாசம் ஏற்றிய தேயிலை அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததா?

உன் தம்பி,
வேணு


பிள்ளையார்பாளையம்
20-1-1969

தம்பி வேணுவுக்கு,

அக்காவின் ஆசிகள். பொங்கல் நன்றாக நடந்தது. இந்தப் பொங்கலிலிருந்து நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர். பள்ளிக்கூடப் பெண்கள் தெருவெல்லாம் கோலத்தில் அதையே எழுதினார்கள்.

பாரிசில் மேஜை வட்டமா சதுரமா என்று வாரக்கணக்கில் வழக்காடி இப்போதுதான் முடித்தார்களாம். மாமா தறியில் உட்கார்ந்தபடி, “நம்ம தச்சர் ராமலிங்கத்த அனுப்பியிருந்தா அன்னிக்கே செஞ்சு போட்டுட்டு வந்திருப்பாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மேஜைக்காக நின்ற ஒவ்வொரு நாளும் இங்கே எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்கள் இல்லையா? உட்கார்ந்தவன் எழுந்து அடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

தீபாவளிக் கடிதத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்து எனக்கு ஆறவில்லை. அமெரிக்கா இன்னும் படை அனுப்ப வேண்டும், இப்போது பேசுவது தோற்றவன் பேச்சு என்று எழுதியிருக்கிறாய். எறும்பை மிதித்துவிட்டால் மண்ணைத் தள்ளிப் பார்த்து அழுகிற பிள்ளையாக இருந்தாய். இதை நீ எழுதினாயா, உன் கடையில் துணி எடுக்கிற சிப்பாய்கள் எழுதினார்களா? வியாபாரம் நடக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டுக் கூரை எரியட்டும் என்பாயா?

இன்னொன்றும் கேட்டிருந்தாய். உன் வீட்டில் இருப்பவளை நான் ஏன் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை என்று. அதை மாகறலுக்குப் போய் இந்திராணியைக் கேள். கப்பல் ஏறும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய்? திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றாய். அவள் எனக்கு நாத்தனார். உன்னை நம்பி என் மாமியார் முன்னால் நான் வாக்குக் கொடுத்தேன். நாலு வருடம் வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் உனக்கு அங்கே கல்யாணம் ஆகிவிட்டது என்று கடிதம் வந்தது. என் மாமியார் அன்றைக்கு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாகும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இந்திராணி மனைவி இல்லாத ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். இப்போது சொல், நான் யாரை விசாரிக்க வேண்டும்?

பொன்னிக்கு முத்தம். அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடு.

அக்கா தில்லை


சைகோன்
16-2-1969

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. லான் இப்போது தமிழ் கேட்டால் புரிந்துகொள்கிறாள். படித்துக் காட்டு என்று கேட்பாள்.

இந்திராணிக்குச் செய்தது பிழை. அதை நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. மாமாவுக்கும் எழுதியிருக்கிறேன், அவளுக்கும் எழுதியிருக்கிறேன். அவள் பதில் போட்டாள் அக்கா. “எனக்கு ஒரு கொறையும் இல்ல, நீ நல்லா இரு” என்று. நான் மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் போடாதது நீ ஒருத்திதான்.

இங்கே நான் எதற்கு ஆயுதம் கேட்கிறேன் என்று நினைக்கிறாய்? கடைக்காகவா? துவானின் கூட்டத்தை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பாலத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆற்றோரம் போனால் தூரத்தில் வானத்தில் வெளிச்சக் குண்டுகள் குடைபிடித்து மெல்ல இறங்குவது தெரியும். தெப்பத் திருவிழாவில் அகல் விளக்கை விட்டதுபோல அத்தனை அழகு. பொன்னி கை தட்டுவாள். லான் அதன் கீழே தம்பி இருப்பதை எண்ணிக்கொண்டு கரையில் நிற்பாள். அவளிடம் போய், துவானின் கூட்டத்துக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பேசலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

நீ உலகத்தையே உட்கார்ந்து பேசச் சொல்கிறாய். ஒன்பது வருடமாக லான் தவறாமல் உனக்குத் தேயிலை அனுப்புகிறாள். வந்தது என்று ஒரு வார்த்தை உண்டா? அவள் அமெரிக்காவும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. யாரையும் குண்டு போடவில்லை. அவளோடு நீ பேச எந்த மேஜை வேண்டும் அக்கா?

இதற்கு மேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும். என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. அதனால் கொஞ்ச நாள் எழுதாமல் இருக்கிறேன்.

வேணுகோபால்


பிள்ளையார்பாளையம்
19-12-1971

தம்பி வேணு,

கொஞ்ச நாள் என்றாய். பொன்னியின் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய பாவாடைத் துணிகூடத் திரும்பி வந்துவிட்டது. வீடு மாறினாயா? இதைக் கோவில் முகவரிக்கு அனுப்புகிறேன். அம்மன் கொடுத்தால் உன் கைக்கு வரட்டும்.

இங்கே போர் நடந்து முடிந்தது தெரிந்திருக்கும். டாக்கா விழுந்த அன்று ஊரே தெருவில் இருந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டோம். அகதிகள் லட்சம் லட்சமாக வந்தபோது பேசிப் பார்த்தார்கள், உலகமெல்லாம் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. இனி ஆயுதம்தான் என்று ஆனபோது நானும் அதைத்தான் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சிப்பாய்களுக்குக் கம்பளியும் துணியும் வாங்கினேன். அம்மாவின் தங்க வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதியில் போட்டேன்.

திரும்பி வந்தபோது மாமா என் கையைப் பார்த்தார். “மூணு வருசத்துக்கு முன்னாடி இதே தெருவுல வேற இன்னாவோ சொல்லிக்கினு போனியே தில்லை?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அது வேற, இது வேற” என்றேன்.

“எப்படி வேறன்னு எனக்கும் சொல்லு. நான் அதுக்குக் கையெழுத்தும் போட்டேன், இதுக்குத் துணியும் குடுத்தேன்.”

ஏதேதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். நான் சொன்னதெல்லாம் நியாயம்தான். இருந்தாலும் அன்றையிலிருந்து கூட்டத்தில் எழுந்து பேசினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஏதோ ஒரு ஊரில் ஒருத்தி ஆற்றங்கரையில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. முகம் தெரிவதில்லை. புடவை இல்லாமல் நீளமாக வெள்ளை உடுப்பு போட்டிருக்கிறாள். என்னை ஒன்றும் கேட்பதில்லை, நிற்கிறாள், அவ்வளவுதான்.

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி போடு.

அக்கா


சைகோன்
9-7-1972

அக்காவுக்கு,

கோவில் குருக்கள் உன் கடிதத்தைப் பொங்கலுக்கே கொடுத்துவிட்டார். வீடு மாறியது உண்மைதான். நல்ல செய்தி ஏதாவது சேர்ந்ததும் பதில் எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

துவான் இறந்துவிட்டான்.

சைகோனுக்கு வடக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். சுற்றிவளைத்துவிட்டார்கள். சித்திரையிலிருந்து உள்ளே இருந்தான். அமெரிக்க விமானம் மேலேயிருந்து அரிசியும் தோட்டாவும் போட்டது. பாதி எதிர்ப்பக்கத்தில் போய் விழுந்ததாம். நான் கேட்ட தோட்டா எல்லாம் வந்தது அக்கா. குறைவில்லாமல் வந்தது. அவனைக் காப்பாற்றவில்லை.

உடம்பு வரவில்லை. அவனோடு இருந்தவன் வந்து சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டான். இங்கே இப்போது மழைக்காலம். மத்தியானம் ஊரே தூங்கும் நேரத்தில் மழை வந்துவிடும். வீட்டுக்குள் பச்சை வெளிச்சம், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல. அந்த வெளிச்சத்தில் லான் சுவரில் மாட்டிய துவான் படத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பாள்.

எனக்கு விட்டுப்போயிற்று அக்கா. யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், நின்றால் போதும் என்று ஆகிவிட்டது. பாரிசில் மறுபடி பேசப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று அவளிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவள் பேசுவது நம் ஊர்த் தமிழ், என்னிடம் கற்றுக்கொண்டதுதானே.

“இப்ப நிறுத்தினா துவான் இன்னாத்துக்குச் செத்தான்?” என்றாள்.

“நிறுத்தாட்டி இன்னும் எத்தினி பேரு லான்?”

“அவங்களுக்கு அவங்க அக்காங்க கேக்கட்டும். நான் என் தம்பிக்குக் கேக்கறேன்.”

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து போரைப் பற்றி வந்த முதல் பேச்சு இதுதான். உனக்காவது பதில் தெரியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீயும் ஒரு அக்காதானே.

வேணு


பிள்ளையார்பாளையம்
13-8-1972

அன்புள்ள லானுக்கு,

வேணு இதைப் படித்துக் காட்டட்டும். வேணு, நீ இடையில் ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே. இது அவளுக்கு எழுதுவது.

அம்மா லான், நான் தில்லையம்மாள். வேணுவின் அக்கா. உன் தம்பி போன செய்தி வந்த அன்று இந்திராணி இங்கே இருந்தாள். அவள் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கடிதத்தை நான் உரக்கப் படித்தேன், பாதியில் என்னால் முடியவில்லை, அவள் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். பிறகு என் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் வைத்தாள். “தம்பிய பறிகொடுத்தவகிட்ட உனக்கு இன்னும் இன்னா வழக்கு அண்ணி? என் பேரச் சொல்லிக்கினு எத்தினி நாளைக்கு இப்பிடியே இருப்ப? எழுது” என்றாள். எழுத உட்கார்ந்து பத்து நாளாகிறது. மேடையில் எத்தனையோ பேசியவள் நான். உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போரை நிறுத்த வேண்டும் என்று இப்போதும்தான் நினைக்கிறேன். ஆனால் அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு என்ன உரிமை? வேணுவுக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? இன்னும் சுடு, இன்னும் சுடு என்றுதான் கத்தியிருப்பேனோ என்னவோ. எனக்கே என்னைத் தெரியவில்லை.

துவான் என் தம்பியிடம் யானையைப் பற்றிக் கேட்பானாமே. எதிர்வீட்டுக் கோதண்டபாணி கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். குருக்கள் நட்சத்திரம் கேட்டாராம். தெரியாது, பட்டாளத்துப் பையன், அந்நிய ஊர் என்றாராம். பெயரை மட்டும் சொல்லித் தீபம் காட்டினார்களாம்.

நீ இங்கே வா. வேணுவோடு வா, பொன்னியோடு வா, உன் அம்மாவையும் அழைத்து வா. போரைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல். எனக்குத் தோன்றுவதை நானும் சொல்வேன், வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. ஒத்துப்போகவில்லை என்றால் போகட்டும். பேசிக்கொண்டே பூக்கட்டலாம்.

தேயிலை வந்தது. எல்லா வருடமும் வந்தது.

அன்புடன்,
அக்கா


சைகோன்
11-2-1973

என் அன்பு அக்காவுக்கு,

நமஸ்காரம். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அன்று காலையில் மாதா கோவில் மணி நெடுநேரம் அடித்தது. தெருவில் சைக்கிள்கள் நின்றுவிட்டன. வெள்ளை உடுப்புப் பெண்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்கள், தண்ணீரில் நிற்கும் கொக்குக் கூட்டம்போல. ஒருவரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மணி நின்றதும் எல்லோரும் மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அமெரிக்கர்கள் மூட்டை கட்டுகிறார்கள். ஊருக்கு வெளியே இன்னும் சத்தம் கேட்கிறது. எந்தக் கிராமம் யாருடையது என்று காட்டிக்கொள்ள வீட்டுக்கு வீடு சுவரில் கொடி வரையச் சொல்கிறார்களாம். இது நீ கேட்ட சமாதானமா, நான் பயந்த சமாதானமா என்று இன்னும் தெரியவில்லை.

உன் கடிதத்தை லான் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ‘பேசிக்கொண்டே பூக்கட்டலாம்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்வாள். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, நான் வர்றேன். இப்ப இல்ல. சமாதானம்னா வடக்கிலேருந்து எங்க அண்ணன் வருவாரு. அம்மா வாசலயே பாத்துக்கினு இருக்கறாங்க. அண்ணன் வந்து அம்மாவப் பாக்கட்டும். துவானப் பத்தி நான்தான் அவருகிட்ட சொல்லணும். வேற யாரும் சொல்லக்கூடாது. சொல்லிட்டு வர்றேன்.”

பொன்னி இப்போது தமிழ் எழுதுகிறாள். ‘ழ’ மட்டும் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

உன் தம்பி,
வேணு


சைகோன்
28-3-1975

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். கல்கத்தா போகும் நண்பர் கையில் இதைக் கொடுக்கிறேன். வடக்கே ஊர் ஊராக விழுந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா இனிப் பணமும் தராது, ஆயுதமும் தராது என்று கையை விரித்துவிட்டது. சிப்பாய்கள் சீருடையைக் கழற்றி ரோட்டில் போட்டுவிட்டு நடக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரே அமைதி. எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல.

லானையும் பொன்னியையும் அனுப்புகிறேன். பாங்காக் வரை விமானம், அங்கிருந்து கல்கத்தா, பிறகு ரயில். கல்கத்தாவிலிருந்து தந்தி வந்ததும் சென்ட்ரலுக்கு நீயே வா அக்கா. நீ வந்து நிற்பாய் என்று சொல்லித்தான் அவளை இழுத்துப் பிடித்து ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

நான் வரவில்லை. மாமியார் படுத்த படுக்கை, நகர்த்த முடியாது. கிழவிதான் சொன்னாள், “என் மகளையும் பேத்தியையும் அனுப்பிடு” என்று. என்னையும் போகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. நான் இந்தியன், என்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். லான் அப்படி இல்லை. பட்டாளத்தில் இருந்தவனின் அக்கா. வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ தெரியாது. அவளுடைய அண்ணன் அவர்களோடு வந்தாலும் வரலாம். வந்தால் கிழவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் கிளம்பிவிடுவேன்.

அவளுக்குக் காரம் ஆகாது. கேட்கமாட்டாள், சாப்பிட்டுவிடுவாள். நீதான் கவனிக்க வேண்டும்.

வேணு


பிள்ளையார்பாளையம்
12-6-1975

என் கண்ணான தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் ஊருக்குத் தபால் போகாது என்று இத்தனை நாளாகத் திருப்பி அனுப்பினார்கள். லானும் நானும் தினமும் தபாலாபீசுக்கு நடந்தோம். இன்றுதான், எடுத்துக்கொள்கிறோம், சேருமா சேராதா என்று சொல்ல முடியாது என்றார்கள். அதுவே போதும் என்று எழுதுகிறேன்.

இருவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். சென்ட்ரலில் ரயில் நின்றதும் எனக்கு யாரைத் தேடுவது என்று தெரியவில்லை. கூட்டமெல்லாம் கரைந்த பிறகு ஒரு தூணோரம் அம்மாவும் பெண்ணும் நின்றிருந்தார்கள். பொன்னிக்கு நம் அம்மாவின் நெற்றி. லான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அக்கா, வேணு மாரியே மூக்கு” என்றாள். முதல் பேச்சே அதுதான். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயிலடியில் சுமைதூக்கி ஒருவன் இவங்க யாரும்மா என்று கேட்டான். என் தம்பி பொண்டாட்டி என்றேன். சொல்லிப் பார்த்தபோது அது ஒன்றும் கடினமாக இல்லை.

முதல் வாரமெல்லாம் அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். தறிச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது, நின்றால் விழித்துக்கொள்கிறாள். அதனால் மாமா மத்தியானமும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நெய்ய நூல் தீர்ந்த அன்றுகூடச் சும்மா தறியை மிதித்துக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம் அந்தச் செய்தி வந்தது. சைகோன் விழுந்தது, போர் முடிந்தது. அரை மணிக்குள் சங்கத்துக்காரர்கள் தட்டு நிறைய இனிப்போடு வந்துவிட்டார்கள். “நீங்க கேட்டது நடந்துடுச்சு டீச்சர்! சண்டை முடிஞ்சுது!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வெயிலில் என்னோடு தெருத்தெருவாக நடந்தவர்கள். நான் கேட்டது இதுதானா? பேசி முடியும் என்று நினைத்தேன். இது பேசி முடியவில்லை தம்பி, ஒரு பக்கம் கை ஓய்ந்து முடிந்தது. ஆனாலும் முடிந்துவிட்டது. இனி அங்கே இன்னொரு துவான் சாகமாட்டான். சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மரம்போல நின்றேன்.

லான் சமையலறையிலிருந்து வந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கீழே போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். வந்தவர்களுக்கு அவளே ஒவ்வொருவராகக் கொடுத்தாள். கடைசியில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, மெல்லுகிறாள். “முடிஞ்சுது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “வேணு எங்க? அம்மா எங்க?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சண்டை போட்டோம். துவானும் அவன் தோழர்களும் வீணுக்குச் செத்தார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். வீண் இல்லை என்றாள். கை கொடுத்தவர்கள் கைவிட்டார்கள் என்றாள். கை கொடுக்காமலே இருந்திருந்தால் என்றேன் நான். குரல் ஏறி எதிர்வீடு வரைக்கும் போயிற்று. இந்திராணி மாகறலிலிருந்து வந்திருந்தாள். நடுவில் புகாமல், மல்லிகைக் கூடையைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவே கவிழ்த்துவிட்டுப் போனாள். ஒத்துப்போகவே இல்லை தம்பி. அரும்பெல்லாம் கட்டி முடித்துவிட்டோம்.

நீ எங்கே இருக்கிறாய்? அந்த ஊரில் யார் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாய்? கிழவி இருக்கிறாளா? லானின் அண்ணன் வந்தாரா? அவர் வருவார், வந்தால் உன்னிடம் எப்படி நடந்துகொள்வார் என்ற பேச்சுதான் இந்த வீட்டில் எந்நேரமும். ஜெயித்தவர் அவர். தோற்றவன் அக்கா வீட்டுக்காரன் நீ. லானிடம், உன் அண்ணனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவள் பொன்னியைக் கூப்பிட்டாள். இதன் கீழே பொன்னி எழுதுகிறாள்.

எப்போதும் உன் அக்கா,
தில்லையம்மாள்

அப்பா, நான் பொன்னி. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பெரிய மாமா வந்தால் கதவை முழுசாகத் திறக்க வேண்டுமாம். கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, பாட்டி பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டுமாம். அவர் என்ன பேசினாலும் நீங்கள் எதிர்த்துப் பேசக் கூடாதாம். ஆனால் சின்ன மாமா படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னால் மட்டும் எடுக்கக் கூடாதாம். அதன் கீழேதான் அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.